போட்டோவில் நிறம் மாறி வருகிறதா? கலர் கரெக்‌ஷன் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் தண்டையார்பேட்டையில் இருந்துகொண்டு கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு என்று படம் எடுக்கிறவன். ஞாயிற்றுக்கிழமைகளில் பக்கத்துத் தெருப் பிள்ளைகளுக்கு எடிட்டிங் சொல்லிக் கொடுக்கிறேன். காசிமேட்டில் மீன் விற்கும் அக்கா, எம்.சி. ரோட்டில் புடவைக் கடை வைத்திருப்பவர், புதிதாகக் கேமரா வாங்கிய தம்பி என்று பலரும் கேட்ட கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். எந்த பட்டனை அமுக்குவது என்பதை எல்லாரும் சீக்கிரம் கற்றுக்கொள்கிறார்கள். எந்த நிறத்தைத் திருத்துவது, எதைத் தொடாமல் விடுவது என்பதில்தான் தடுமாறுகிறார்கள். என் பதில்களும் அந்தப் பக்கமே அதிகம் சாயும்.

கண்ணுக்குச் சரியாகத் தெரிந்தது போட்டோவில் மட்டும் ஏன் மஞ்சளாகவோ நீலமாகவோ வருகிறது?

வெளிச்சத்துக்கே ஒரு நிறம் உண்டு. அதைக் கெல்வின் என்ற அளவில் சொல்வார்கள். அகல் விளக்கின் சுடர் ஏறக்குறைய 1,900 கெல்வின். பழைய குண்டு பல்பு 2,700 முதல் 3,000 வரை. நடுப்பகல் வெயில் சுமார் 5,500, மேகம் மூடிய வானம் 6,500, வெயில் நேராகப் படாத நிழல் 7,000க்கும் மேல். எண் குறையக் குறைய மஞ்சள், ஏற ஏற நீலம்.

நம் கண்ணும் மூளையும் இதைத் தாமாகவே சரிக்கட்டிவிடும். குண்டு பல்பின் கீழே உட்கார்ந்து சாப்பிட்டாலும் சோறு நமக்கு வெள்ளைதான். கேமராவுக்கு அந்தப் பழக்கம் கிடையாது, விழுந்த வெளிச்சத்தை அப்படியே பதிவு செய்யும். இந்த வித்தியாசத்தைச் சரிசெய்வதைத்தான் ஒயிட் பேலன்ஸ் என்கிறோம்.

கேமராவில்தான் ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் இருக்கிறதே?

இருக்கிறது. முக்கால்வாசி நேரம் நன்றாகவும் வேலை செய்கிறது. அதன் அடிப்படை ஓர் ஊகம்: காட்சியில் உள்ள எல்லா நிறங்களையும் ஒன்றாகக் கலந்தால் சாம்பல் வர வேண்டும். இப்போது வரும் கேமராக்களும் போன்களும் முகம், வானம் என்று அடையாளம் கண்டு இன்னும் நன்றாகக் கணிக்கின்றன. ஆனாலும் படம் முழுக்க ஒரே நிறம் நிறைந்துவிட்டால் தடுமாறும்.

மஞ்சள் நீராட்டு விழாவை எடுத்துக்கொள்ளுங்கள். பெண்ணின் முகத்திலும் கையிலும் மஞ்சள், புடவை மஞ்சள், தட்டில் மஞ்சள், பின்னால் சாமந்தி மாலை. கேமரா இதைப் பார்த்து ‘வெளிச்சம் மஞ்சளாக இருக்கிறது’ என்று நினைத்து நீலத்தைச் சேர்த்துவிடும். பூசிய மஞ்சள் வெளுத்து, முகம் சாம்பல் பூத்தாற்போல் வரும். அத்தனை அத்தைமார்களும் சேர்ந்து பூசிய மஞ்சளைக் கேமரா கழுவிவிட்டது என்றுதான் அர்த்தம். இந்த மாதிரி இடங்களில் ஆட்டோவை விட்டுவிட்டு வெயிலுக்கு ‘டேலைட்’, நிழலுக்கு ‘ஷேட்’ என்று நீங்களே வைத்துவிடுங்கள்.

எண் ஏறினால் நீலம் என்கிறீர்கள். ஆனால் லைட்ரூம் என்ற எடிட்டிங் சாப்ட்வேரில் டெம்பரேச்சர் எண்ணை ஏற்றினால் படம் மஞ்சளாகிறதே?

வகுப்பில் ஒவ்வொரு முறையும் யாராவது ஒருவர் இதைக் கேட்பார். அந்த ஸ்லைடரில் நீங்கள் சொல்வது, படம் எடுத்த இடத்தில் வெளிச்சம் எப்படி இருந்தது என்பதை. ‘வெளிச்சம் 8,000 கெல்வின், நல்ல நீலம்’ என்று சொன்னால், அந்த நீலத்தை ஈடுகட்ட சாப்ட்வேர் மஞ்சளைச் சேர்க்கிறது. ‘2,800தான், குண்டு பல்பு’ என்றால் நீலத்தைச் சேர்க்கிறது. இதைப் பிடித்துக்கொண்டால் குழப்பம் தீர்ந்துவிடும். இன்னொன்று, ரா ஃபைலில்தான் (கேமரா பதிவு செய்ததை அப்படியே வைத்திருக்கும் ஃபைல்) கெல்வின் எண் தெரியும். ஜேபெக் படத்தை (கேமராவோ போனோ முடித்துச் சுருக்கிக் கொடுக்கும் வழக்கமான ஃபைல்) திறந்தால் மைனஸ் 100 முதல் பிளஸ் 100 வரை வெறும் அளவுகோல்தான் வரும்.

பக்கத்தில் ‘டின்ட்’ என்று ஒன்று இருக்கிறதே?

அது பச்சைக்கும் மெஜந்தாவுக்கும் (ஊதா கலந்த இளஞ்சிவப்பு) இடையில் நகர்வது. டியூப்லைட்டும் மலிவான எல்இடி பல்பும் பெரும்பாலும் கொஞ்சம் பச்சையடிக்கும், அதை டெம்பரேச்சர் ஸ்லைடரால் எடுக்க முடியாது. மூன்று எதிர் ஜோடிகளை மனதில் வையுங்கள்: சிவப்புக்கு எதிர் சயான் (நீலப்பச்சை), பச்சைக்கு எதிர் மெஜந்தா, நீலத்துக்கு எதிர் மஞ்சள். ஒன்று அதிகமாக இருந்தால் அதன் ஜோடியைக் கூட்டுங்கள். பல சாப்ட்வேர்களில் ‘கலர் பேலன்ஸ்’ என்று வரும் கருவி இந்த மூன்று ஜோடிகள்தான்.

படத்தில் எதை நம்பி வெள்ளை அல்லது சாம்பல் என்று கிளிக் செய்வது?

சாப்ட்வேரில் டிராப்பர் என்ற கருவியால் ஓர் இடத்தைக் கிளிக் செய்தால், அதை நிறமற்றது என்று வைத்துக்கொண்டு படம் முழுவதையும் திருத்தும். அதற்கு நிறமே இல்லாத ஒரு பொருள் வேண்டும். சிறந்தது, இதற்கென்றே விற்கும் 18 சதவீத சாம்பல் அட்டை. ஒவ்வோர் இடத்திலும் வெளிச்சம் மாறும்போது ஒரு படம் அந்த அட்டையோடு எடுத்துவிட்டால் போதும், பிறகு அதில் கண்டுபிடித்த அளவை அந்த இடத்துப் படங்கள் எல்லாவற்றுக்கும் காப்பி செய்துவிடலாம்.

அட்டை இல்லாதபோது நம் ஆட்கள் முதலில் போய் நிற்பது மாப்பிள்ளையின் வேட்டியில். அங்கேதான் ஏமாந்து போகிறார்கள். வேட்டிக்குச் சொட்டு நீலம் போட்டிருப்பார்கள். நம் கண்ணுக்குப் பளிச்சென்ற வெள்ளை, ஆனால் உண்மையில் ஒரு சிட்டிகை நீலம். அதை ‘வெள்ளை’ என்று கிளிக் செய்தால் அந்த நீலத்தைச் சாப்ட்வேர் எடுத்துவிட்டு, படம் முழுவதையும் மஞ்சளாக்கும். ஜெராக்ஸ் தாளும் அப்படித்தான், பளபளப்புக்காகச் சேர்க்கும் ரசாயனத்தால் வெயிலில் லேசாக நீலமடிக்கும். எவர்சில்வர் பாத்திரம் பக்கத்துச் சுவரின் நிறத்தைக் காட்டும். பல்லில் மஞ்சள் உண்டு, கண்ணின் வெள்ளையில் சிவப்பு உண்டு.

நம்பத் தகுந்தவை: பெயின்ட் அடிக்காத சிமென்ட் சுவர், தெர்மாகோல், அடர்த்தியாகப் பூசிய விபூதி. எதைக் கிளிக் செய்தாலும் அது வெளிச்சத்தில் வெந்து போயிருக்கக் கூடாது. சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 255 வரை எண் உண்டு; மூன்றும் 255ஐத் தொட்டுவிட்ட இடத்தில் நிறத் தகவலே மிச்சமில்லை, கிளிக் செய்து பயனில்லை.

மீன் போட்டோவை வாட்ஸ்அப்பில் போட்டு ஆர்டர் எடுக்கிறேன். தார்ப்பாய்க்குக் கீழே எடுத்தால் சங்கரா மீன் ஊதாவாகத் தெரிகிறது. என்ன செய்ய?

இதைக் கேட்ட அக்காவுக்காக நான் காசிமேட்டுக்கே போய் எடுத்துப் பார்த்தேன். மேலே கட்டியிருக்கும் நீலத் தார்ப்பாய், வெயிலை நீலமாக்கித்தான் கீழே விடுகிறது. சங்கராவின் இளஞ்சிவப்பில் நீலம் ஏறி ஊதாவாகிவிடுகிறது. வஞ்சிரத்துக்கு இந்தத் தொல்லை அவ்வளவாகத் தெரியாது, ஏற்கெனவே வெள்ளியும் நீலமுமான மீன் அது.

முதல் வைத்தியம் எடிட்டிங் கிடையாது. மீன் கூடையைத் தார்ப்பாயின் விளிம்பிலிருந்து இரண்டடி வெளியே, திறந்த வானத்துக்குக் கீழே நகர்த்துங்கள். நேர் வெயில் வேண்டாம், வானம் தெரியும் நிழல் போதும். அங்கும் கொஞ்சம் நீலம் இருக்கும், ஆனால் அதை எளிதாகத் திருத்தலாம்.

ஏற்கெனவே எடுத்த படமென்றால் கிம்ப் என்ற இலவச சாப்ட்வேரில் இப்படிச் செய்யலாம். படத்தைத் திறந்ததும் லேயரை (படம் இருக்கும் அடுக்கு) ஒரு நகல் எடுங்கள். கலர்ஸ் மெனுவில் லெவல்ஸ் போங்கள். அங்கே மருந்து சொட்டுக்குழாய் போன்ற மூன்று ஐகான்கள் இருக்கும்: கறுப்பு, சாம்பல், வெள்ளை. நடுவில் உள்ள சாம்பல் டிராப்பரை எடுத்து, ஐஸ் வைத்த தெர்மாகோல் பெட்டியின் பக்கவாட்டில், நிழல் விழுந்த இடத்தில் கிளிக் செய்யுங்கள். என் படத்தில் அந்த இடம் சிவப்பு 96, பச்சை 128, நீலம் 171 என்று காட்டியது. சாம்பல் என்றால் மூன்றும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். கிளிக் செய்த நொடியில் மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் வந்து நின்றன, சங்கரா சங்கராவாகத் தெரிந்தது.

அப்புறம் ஒரு விஷயம். நகல் லேயரின் ஒப்பாசிட்டியை (கீழே உள்ள அசலை அது எவ்வளவு மறைக்கிறது என்ற அளவு) 85 சதவீதத்துக்குக் குறையுங்கள். கொஞ்சம் நீலம் திரும்ப வரும், வரட்டும். முழுக்க எடுத்துவிட்டால் தார்ப்பாய், ஐஸ், ஈரத் தரை எல்லாம் சவசவ என்று ஆகிவிடும், மார்க்கெட்டில் எடுத்த படம் மாதிரியே இருக்காது.

சிவப்பு மிகக் குறைவாகப் பதிவான படத்தில் அதைத் தூக்கினால் நிழல் பகுதிகளில் புள்ளி புள்ளியாக அரிக்கும். அதற்கு மருந்து குறைவு. அதனால்தான் கூடையை நகர்த்தச் சொல்கிறேன்.

செவுளின் சிவப்பை மட்டும் தனியாகத் தேர்ந்தெடுத்து ஏற்றாதீர்கள். வாங்குகிறவர் செவுளைப் பார்த்துத்தான் மீன் புதுசா என்று முடிவு செய்கிறார். வெளிச்சத்தின் நீலத்தை எடுப்பது நியாயம். இல்லாத சிவப்பைப் பூசுவது பழைய மீனைப் புதுசென்று விற்பது.

கம்ப்யூட்டர் இல்லை. போனிலேயே முடியுமா?

முடியும். ஸ்னாப்சீட் ஆப்பில் ‘ஒயிட் பேலன்ஸ்’ கருவிக்குள் டெம்பரேச்சர், டின்ட் இரண்டும் உண்டு, டிராப்பரும் உண்டு. மேலே சொன்னதே இங்கும் பொருந்தும். ஃபில்டர்களைப் போடுவதற்கு முன்னால் இதை முடித்துவிடுங்கள்.

ரா ஃபைலில் எடுக்கச் சொல்கிறார்களே, அவ்வளவு வித்தியாசமா?

நிறத் திருத்தத்துக்கு மட்டும் பார்த்தால், ஆமாம், நிறைய. ஜேபெக்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் 8 பிட், அதாவது 256 படிகள். ரா ஃபைலில் 12 அல்லது 14 பிட்: 4,096 அல்லது 16,384 படிகள். அதைவிட முக்கியம், ஜேபெக்கில் ஒயிட் பேலன்ஸ் ஏற்கெனவே கலந்து வெந்துவிட்டது. ராவில் அது சோற்றுக்குப் பக்கத்தில் வைத்த உப்பு மாதிரி, எவ்வளவு வேண்டுமானாலும் பிறகு முடிவு செய்யலாம். டார்க்டேபிள், ராதெரபி இரண்டும் இலவசம், இரண்டிலும் ராவைத் திறக்கலாம். கல்யாணத்துக்கு ராவில்தான் எடுங்கள். வாட்ஸ்அப் மீனுக்கு ஜேபெக் போதும்.

முகம் கறுப்பாக வருகிறது. கலர் பேலன்ஸில் எப்படிச் சரிசெய்வது?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகப் பதில் சொல்ல வேண்டும்.

முதலில், முகம் இருட்டாக வருவது நிறப் பிரச்சினை அல்ல, வெளிச்சப் பிரச்சினை. வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, பின்னால் பளீரென்ற எல்இடி திரை என்று இருந்தால் கேமரா மொத்த வெளிச்சத்தையும் குறைத்துவிடும். நம் ஆட்களின் முகம் இருட்டில் மூழ்கும். எக்ஸ்போஷரையோ (படத்தின் மொத்த வெளிச்ச அளவு) கர்வ்ஸ் என்ற வெளிச்ச வளைகோட்டின் நடுப்பகுதியையோ ஏற்றுங்கள். முகத்தின் விவரம் தெரிந்த பிறகுதான் நிறத்துக்கு வர வேண்டும்.

நிறத்துக்கு ஓர் எளிய அளவு உண்டு. கறுப்போ மாநிறமோ சிவப்போ, எந்தத் தோலாக இருந்தாலும் நல்ல வெளிச்சத்தில் சிவப்பு எண் பெரிதாகவும், அடுத்து பச்சையும், கடைசியில் நீலமும் இருக்கும். கன்னத்தில் டிராப்பரை வைத்துப் பாருங்கள். 140, 98, 72 என்பது போல் படிப்படியாக இறங்கினால் ஆரோக்கியமாகத் தெரியும். நீலம் பச்சையை எட்டிப் பிடித்தால் தோல் சாம்பலாகவோ ஊதாவாகவோ போகும். பச்சை சிவப்பை நெருங்கினால் காமாலை வந்தவர் மாதிரி ஆகிவிடும். முகத்தில் மேக்கப் அதிகமென்றால் கழுத்திலோ முழங்கையிலோ பாருங்கள்.

இனி நான் சொல்ல நினைப்பது. நம் பேச்சில் ‘பொண்ணு கலரா இருக்கா’ என்றால் வெளுப்பாக இருக்கிறாள் என்று அர்த்தம். அதனால் கலர் கரெக்‌ஷன் என்று சொன்னதுமே வெளுக்க வைப்பது என்று பலர் நினைக்கிறார்கள். ‘அண்ணே, கொஞ்சம் கலராக்கிக் குடுங்க’ என்று கேட்பவர்களிடம் நான் இரண்டு பிரிண்ட் போட்டுக் காட்டுவேன், ஒன்று வெளுத்தது, ஒன்று அவர்களுடைய சொந்த நிறம், நல்ல வெளிச்சத்தில். பெரும்பாலும் இரண்டாவதைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். கறுத்த தோலில் வெளிச்சம் விழும்போது நெற்றியிலும் கன்ன எலும்பிலும் ஒரு மினுக்கம் வரும். வெளுக்க வைத்தால் முதலில் சாவது அந்த மினுக்கம்தான்.

இதில் பழைய கதையும் ஒன்று உண்டு. ஃபிலிம் காலத்தில் பிரிண்ட் லேப்களில் நிறத்தைச் சரிபார்க்க கோடாக் அனுப்பிய அட்டையில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம் இருக்கும். ‘ஷர்லி கார்டு’ என்று பெயர். அவருடைய தோல் சரியாக வந்தால் எல்லாம் சரி என்று வைத்துக்கொண்டார்கள். பல நிறத்தவரும் சேர்ந்த அட்டை 1990களில்தான் வந்தது. நீங்கள் அந்த அட்டைக்குக் கட்டுப்பட்டவர் அல்ல. உங்கள் தெருவில் உள்ள நாலைந்து பேரை, வெவ்வேறு நிறத்தில் உள்ளவர்களை, காலை வெளிச்சத்தில் ஒழுங்காக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எடிட் செய்யும்போது பக்கத்தில் திறந்து வைத்து ஒப்பிடுங்கள். எனக்கு அதைவிட உதவிய கருவி வேறு இல்லை.

வீட்டுக்குள் எடுத்தால் முகத்தின் ஒரு பக்கம் நீலம், மறுபக்கம் பச்சை. எதைத் திருத்துவது?

நம் பக்கத்து வீடுகளில் இது சகஜம். ஒரே ஜன்னல், அதில் வானத்து வெளிச்சம். எதிரே டியூப்லைட். சுவருக்குப் பச்சை பெயின்ட், அந்தப் பச்சையும் முகத்தில் அடிக்கும். ஒரே ஒயிட் பேலன்ஸால் இதைச் சரிசெய்யவே முடியாது. ஒரு பக்கத்தைச் சரிசெய்தால் மறுபக்கம் இன்னும் மோசமாகும்.

எடுக்கும்போதே டியூப்லைட்டை அணைத்துவிட்டு, ஆளை ஜன்னலோரம் உட்காரவைத்து, சுவரிலிருந்து கொஞ்சம் தள்ளி எடுங்கள். தவறவிட்டால், முகத்தின் முக்கியப் பக்கத்துக்குப் பொதுவாகத் திருத்திவிட்டு, மற்றதை மாஸ்க் போட்டு (திருத்தம் அந்த இடத்தில் மட்டும் படும்படி வைத்து) பிரஷ்ஷால் தனியாகத் திருத்துங்கள். லைட்ரூமிலும் டார்க்டேபிளிலும் அந்த வசதி உண்டு.

பழைய ஆரஞ்சு தெருவிளக்கில் எடுத்த படம்? மேடையில் கலர் லைட்?

சோடியம் விளக்கின் வெளிச்சத்தில் நீலம் கிட்டத்தட்ட இருக்காது. இல்லாத நிறத்தை எந்த சாப்ட்வேரும் கொண்டுவராது. ஆரஞ்சைப் பாதியாகக் குறைத்துவிட்டு நிறுத்துங்கள், அல்லது கறுப்பு வெள்ளையாக மாற்றுங்கள். கானா மேடையில் ஊதா லைட் அடித்தால் அது ஊதாவாகவே இருக்கட்டும், அந்த இரவு அப்படித்தான் இருந்தது.

புடவை நிறம் நேரில் ஒன்று, படத்தில் ஒன்று என்று திருப்பி அனுப்புகிறார்கள்.

அரக்கு, மாம்பழ மஞ்சள் எல்லாம் சாம்பல் அட்டை வைத்துத் திருத்தினால் நன்றாகவே வரும். மயில் கழுத்து மட்டும் படுத்தும். ஊடும் பாவும் வேறு வேறு நிறம் என்பதால் பார்க்கும் கோணத்துக்கு ஏற்ப நீலமும் பச்சையுமாக மாறும். தவிர, அடர்ந்த நீலப்பச்சைகள் சில, சாதாரணத் திரை காட்டக்கூடிய எல்லைக்கே வெளியே உள்ளவை. அதனால் ஒரே புடவையை இரண்டு கோணத்தில் எடுத்துப் போடுங்கள், மடிப்பு ஒன்று, விரித்தது ஒன்று. கடையின் சிவப்புக் கம்பளத்தின் மேல் விரிக்காதீர்கள், அந்தச் சிவப்பு புடவையில் ஏறும்.

அப்பா அம்மா கல்யாண போட்டோ சிவந்து போய்விட்டது. மீட்க முடியுமா?

பல நேரம் முடியும், செய்து முடித்ததும் வீட்டில் எல்லாரும் கூடிவிடுவார்கள். பழைய கலர் பிரிண்டில் சயான், மெஜந்தா, மஞ்சள் என்று மூன்று சாயங்கள் அடுக்காக இருக்கும். அலமாரிக்குள் வருடக்கணக்கில் கிடக்கும்போது அந்தக் காலத்துத் தாள்களில் சயான்தான் முதலில் மங்கும். சயான் போனால் அதன் எதிரான சிவப்பு மேலோங்கும்.

48 பிட் கலரில் ஸ்கேன் செய்யுங்கள். ஸ்கேனரின் ஆட்டோ திருத்தத்தை அணைத்துவிடுங்கள். கிம்பில் லெவல்ஸைத் திறந்து, மூன்று நிறங்களையும் ஒன்றாகத் தொடாமல் சேனலைச் சிவப்பு, பச்சை, நீலம் என்று தனித்தனியாக மாற்றுங்கள். ஒவ்வொன்றிலும் ஹிஸ்டோகிராம் (இருட்டு முதல் வெளிச்சம் வரை எங்கே எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் வரைபடம்) மலை தொடங்கும் இடத்துக்கும் முடியும் இடத்துக்கும் இரண்டு முக்கோணங்களையும் நகர்த்துங்கள். சாயம் மங்கிய சேனலின் மலை ஒரு பக்கமாக ஒடுங்கியிருக்கும், அதை விரிக்கிறீர்கள், அவ்வளவுதான். அம்மாவின் கூந்தல் மறுபடி கறுப்பாகும், கூரைப் புடவையின் கரை தெரியும்.

எவ்வளவு திருத்தினாலும் லேபில் பிரிண்ட் வேறு மாதிரி வருகிறதே?

முதலில் உங்கள் திரையைப் பாருங்கள். இரவில் கண்ணுக்கு இதமாக இருக்கும் என்று திரையை மஞ்சளாக்கும் மோடு ஓடிக்கொண்டிருக்கும். அதை அணைக்காமல் எடிட் செய்தால் எல்லாப் படத்திலும் நீலத்தைத் திணித்துவிடுவீர்கள். போனில் நிறத்தைக் கூட்டிக் காட்டும் ‘விவிட்’ மோடையும் அணைத்துவிடுங்கள். திரையின் வெள்ளை 6,500 கெல்வினில் இருக்க வேண்டும், எஸ்ஆர்ஜிபி என்ற பொது அளவுகோல் சொல்வதும் அதுதான். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து போய் வாருங்கள். ஒரே படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தால் தப்பான நிறமும் கண்ணுக்குப் பழகிவிடும். ஆல்பம் போடுவதற்கு முன் 4க்கு 6 சைஸில் ஒரு பிரிண்ட் எடுத்துப் பார்ப்பது என் வழக்கம்.

எல்லாப் படத்தையும் திருத்தியே ஆக வேண்டுமா?

வேண்டாம். நம்முடையது கிழக்குக் கடற்கரை. காசிமேட்டில் விடியற்காலை படகு கரை திரும்பும்போது கடலும் வலையும் ஆட்களும் தங்க நிறத்தில் இருப்பார்கள். ஆட்டோ பட்டனை அமுக்கினால் அது காலை பதினோரு மணி ஆகிவிடும். அந்த மஞ்சள்தான் படமே. ‘டேலைட்’டில் எடுத்து அப்படியே விடுங்கள்.

இன்னொரு வகை படங்களைத் தொடவே கூடாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் பரவியபோது நிறைய பேர் போனில் படம் எடுத்தார்கள். படகின் அடிப்பாகத்தில் ஒட்டிய கறுப்பு, தண்ணீர் மேல் மிதந்த படலம் எல்லாம் அதில் இருந்தன. புகார் மனுவோடு சேர்க்கப் போகும் படத்தில் நீங்கள் ஒயிட் பேலன்ஸைச் சரிசெய்தால்கூட, ‘நிறத்தை மாற்றியிருக்கிறார்கள்’ என்று ஒருவர் எழுந்து சொல்லலாம். அப்படிப்பட்ட படம் எடுக்கும்போது தண்ணீரோடு சேர்த்து ஒரு வெள்ளைத் தாளையோ சாம்பல் அட்டையையோ ஃபிரேமுக்குள் பிடித்து எடுங்கள். பார்ப்பவர் நிறத்தைத் தாமே ஒப்பிட்டுக்கொள்வார். போனில் பதிவான அசல் ஃபைலை வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள், அது படத்தைச் சுருக்கிவிடும். கேபிள் போட்டு அப்படியே கம்ப்யூட்டரில் இறக்கி, இன்னொரு நகலைப் பென்டிரைவில் வைத்து, எடுத்த தேதியும் இடமும் ஒரு தாளில் எழுதி அதனுடன் வையுங்கள்.